சித்தி வீட்டு மாடி லிமிடெட்

நம்ம காஸ்டிங் புத்தகத்துல வர்ற கம்பெனிகளை என்னிக்காவது கவனிச்சிருக்கீங்களா? எக்ஸ் லிமிடெட் ஒரே ஒரு பொருள்தான் தயாரிக்கும். அது என்ன பொருள்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. கச்சாப் பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு, மேற்செலவு இவ்வளவு, லாபத்தைக் கண்டுபிடி. நாமளும் கண்டுபிடிச்சு, கீழ ரெண்டு கோடு இழுத்துட்டு, கேன்டீனுக்குப் போயிடுவோம்.

எனக்கு நிஜமாவே ஒரு கம்பெனியைத் தெரியும். முதலாளி, தொழிலாளி, ஸ்டோர் கீப்பர், சேல்ஸ் மேனேஜர், பேக்கிங் செக்‌ஷன் எல்லாமே ஒரே ஆள். எங்க சித்தி. தஞ்சாவூர்ல கரந்தைப் பக்கம் வீடு. மாடியில தகரக் கூரை போட்ட ஒரு ரூம்தான் ஃபேக்டரி. தயாரிப்பு: தஞ்சாவூர் ஓவியம். கண்ணாடிக்குள்ள தங்கமா மின்னிக்கிட்டு குண்டுக் கன்னத்தோட கிருஷ்ணர் உட்கார்ந்திருப்பாரே, அதேதான்.

சினிமாவைப் பத்தி எழுதினாத்தான் நாலு பேர் படிப்பாங்கன்னு தெரியும். இருந்தாலும் இந்த முறை கணக்கு. பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல் தெரிஞ்சாப் போதும் :-)

முதல்ல அந்தப் படம் எப்படி உருவாகுதுன்னு சொல்லிடறேன். நிறைய பேர் இதை வெறும் "பெயிண்டிங்"னு நினைக்கிறாங்க. பெயிண்ட் அடிக்கிறது கடைசியில வர்ற வேலை.

பழைய பேரே பலகைப் படம். முன்னாடி பலா மரப் பலகையில செஞ்சிருக்காங்க. இப்போ பிளைவுட். அது மேல பருத்தித் துணியைப் பசை போட்டு ஒட்டணும். காஞ்சதும் சாக்பவுடரையும் கோந்தையும் குழைச்சு ஒரு பூச்சு. அது காஞ்சா இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. கடைசியா உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கணும். பென்சில் கோடே இதுக்கு அப்புறம்தான் விழும்.

கோடு போட்ட பிறகு கிரீடம், ஆரம், தூண், பிரபாவளி இங்கெல்லாம் கல்லு ஒட்டணும். அதுக்குப் பிறகு மக்கு. (வாத்தியார் நம்மளக் கூப்பிடற மக்கு இல்லை.) தச்சு வேலையில பொந்து அடைக்க மக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழம்பு. அதைப் பிரஷ்ல தொட்டுத் தொட்டு, நகையும் பட்டு ஜரிகையும் மேல எழும்பி நிக்கிற மாதிரி வெக்கணும். ஒரே தடவையில கனமா வெச்சா காயறப்போ வெடிச்சுடும். மெல்லிசா ஒண்ணு, காய விட்டு அது மேல இன்னொண்ணு.

அதுக்கு மேலதான் தங்க ரேக்கு. இந்த வேலை நடக்கிறப்போ ஃபேன் போடக் கூடாது, ரேக்கு பறந்துடும். தகரக் கூரை ரூம், சித்திரை மாசம், ஃபேன் இல்லை. நெத்தி வேர்வை படத்துல விழாம இருக்கத் தலையில துண்டு கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. காலையில அஞ்சு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும்தான் ரேக்கு ஒட்டற நேரம்னு அவங்களே ஒரு ஷிஃப்ட் வெச்சிருக்காங்க.

அப்புறம்தான் கலர். உடம்பு, துணி, பின்னணி எல்லாம் முடிச்சு, முகத்தைக் கடைசியா வெச்சுப்பாங்க. முகத்துலயும் கண்ணு கடைசி. கண்ணு எழுதற அன்னிக்கு சித்தி யார்கிட்டயும் பேச மாட்டாங்க. போன் வந்தாலும் எடுக்க மாட்டாங்க. அது பக்தியா, கை நடுங்கக் கூடாதுங்கிற கவனமான்னு கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்டா"ன்னாங்க.

சித்தி இதைப் பரம்பரையா கத்துக்கலை. ஒரு காலத்துல தஞ்சாவூர், திருச்சி ராஜுக்களும் மதுரை நாயுடுக்களும்தான் குடும்பத் தொழிலா செஞ்சிருக்காங்க. மராட்டிய ராஜாக்கள் ஆதரிச்சாங்க. 1798-லிருந்து 1832 வரைக்கும் இருந்த இரண்டாம் சரபோஜி காலத்துல இந்தக் கலை நல்லா செழிச்சது. 1855-ல் வாரிசு இல்லைன்னு சொல்லி கும்பினிக்காரன் தஞ்சாவூர் சமஸ்தானத்தை முடிச்சு வெச்சான். அரண்மனைங்கிற பெரிய கஸ்டமர் அதோட காலி. அப்புறம் வெள்ளைக்காரங்களுக்கு வரைஞ்சாங்க, செட்டிநாட்டு வீடுகளுக்கு வரைஞ்சாங்க. இப்போ கல்யாணப் பரிசு, கிரகப்பிரவேசம், வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைக்கு அனுப்பறதுன்னு போகுது. எங்க சித்தி கல்யாணமாகி வந்த புதுசுல, தெருவுல ஒரு மாமி நடத்தின மூணு மாச வகுப்புல சேர்ந்தாங்க. பொழுதுபோக்குக்குத் தொடங்கினது. இருபது வருஷம் ஆச்சு.

"வீட்லதானே இருக்கே?"

வீட்டுல உட்கார்ந்து தொழில் பண்றதுல என்ன கஷ்டம்னு கேட்டா, முதல் கஷ்டம் அது தொழில்னு யாரும் ஒத்துக்காததுதான்.

கேஸ் சிலிண்டர் வந்தா சித்தி இறங்கி வரணும். பக்கத்து வீட்டுக்காரங்க வெளியூர் போனா சாவி சித்திகிட்டதான். தெருவுல யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறது சித்திதான். "நீ வீட்லதானே இருக்கே." சித்தப்பா ஒரு தனியார் மில்லுல கணக்கு எழுதறவர். அவரை யாராவது பதினோரு மணிக்குக் கூப்பிட்டு "கொஞ்சம் வந்து சாவி வாங்கிக்கோங்க"ன்னு சொல்லுவாங்களா?

இதுல சொந்தக்காரங்க ஒரு தனி ரகம். கிரகப்பிரவேசம் வெச்சா, "நீ ஒரு பிள்ளையார் படம் கொடுத்துடு, உனக்கென்ன, வீட்லயே பண்றது"ன்னு உரிமையா கேட்பாங்க. அதுல ஒட்டற தங்கமும் வீட்லயே விளையுதுன்னு நினைப்பு போல. அதே சொந்தக்காரங்க நகைக்கடை வெச்சிருக்கிற மாமாகிட்ட ஒரு மோதிரம் கொடுத்துடுன்னு கேட்டு நான் பார்த்ததில்லை.

சமையல் வாசனையும் கோந்து வாசனையும் ஒண்ணா கலந்த வீடு அது. வேலை நேரம், வீட்டு நேரம்னு சுவர் கிடையாது. அதனாலதான் ஒரு படத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு சித்திக்கே தெரியாம இருந்தது.

கணக்குப் போட்ட கதை

போன மாசி மாசம் செமஸ்டர் லீவுல அங்க போயிருந்தேன். வீட்டுல ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருந்தது. சித்தியோட பொண்ணு, என் தங்கச்சி, இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ஃபீஸ் கட்டற தேதி நெருங்குது. கையில பணம் இல்லை. கீழவாசல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில பில் போடற வேலை இருக்கு, மாசம் 11,000 ரூபாய். "படம் போட்டது போதும், அதுக்குப் போ"ன்னு சித்தப்பா சொல்லலை. ஆனா சொல்லாம இருக்கிறதுலயே சொல்லிக்கிட்டிருந்தார். ஆத்தாவும் அதே கட்சி. சித்தி ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிடுவாங்க.

நான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு படத்தை எடுத்துக்கிட்டு, எப்போ உட்கார்ந்தாங்க, எப்போ எழுந்தாங்கன்னு அதுல எழுதச் சொன்னேன். சிலிண்டருக்கு இறங்கினதெல்லாம் கழிச்சு, கை வேலை பார்த்த நேரம் மட்டும். 12-க்கு 15 அங்குலத்துல ஒரு கிருஷ்ணர். வந்த கணக்கு இது:

பலகை தயார் பண்ண 5 மணி. கோடு போட 3. கல் ஒட்ட 4. மக்கு 8. ரேக்கு 6. கலரும் முகமும் 14. கடைசி சரிபார்ப்பு 2. மொத்தம் 42 மணி நேரம். காயறதுக்குக் காத்திருந்த நேரம் இதுல இல்லை.

பொருள் செலவு: பலகை, துணி 250. சாக்பவுடர், கோந்து 60. கல் 350. தங்க ரேக்கு 3,200. கலர், பிரஷ் தேய்மானம் 100. தேக்கு ஃபிரேம், கண்ணாடி 1,400. மொத்தம் 5,360 ரூபாய்.

கடைக்காரர் சித்திக்குக் கொடுக்கிற விலை 8,500. கழிச்சா 3,140. அதை 42-ஆல வகுத்தா மணிக்கு சுமார் 75 ரூபாய். கரண்ட், பஸ் செலவு சேர்த்தா இன்னும் குறையும்.

தங்கத்தைப் பாருங்க. மொத்தப் பொருள் செலவுல பத்துல ஆறு பங்கு அதுதான். 2005-ல் பத்து கிராம் சுத்தத் தங்கம் சுமார் 7,000 ரூபாய். 2025-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. சித்தியோட பழைய பில்லைத் தேடி எடுத்தோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே அளவு படத்துக்கு ரேக்கு 1,500 ரூபாய். அப்போ கடைக்காரர் கொடுத்த விலை 7,000. அதாவது ரேக்கு 1,700 ஏறியிருக்கு, விலை 1,500 ஏறியிருக்கு. கடைக்காரர் "விலையை ஏத்திக் கொடுத்திருக்கேனே"ன்னு சொன்னது உண்மைதான். ஏறின பணம் முழுக்க தங்கத்துக்கே போயிடுச்சு. சித்தியோட கைக்கூலி மூணு வருஷத்துல ஒரு ரூபாய் கூட ஏறலை, 200 ரூபாய் இறங்கியிருக்கு.

இப்போ ஜவுளிக்கடை. மாசம் 26 நாள், தினம் 9 மணி நேரம். 234 மணி. 11,000-ஐ வகுத்தா மணிக்கு 47 ரூபாய்.

இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதினதும் சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். அவர் கணக்கு எழுதறவர், எண்ணு சரியா இருந்தா மறுக்க மாட்டார். ஆனா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மணிக்கு 75-ன்னா, அந்தப் பணம் எங்கப்பா?"

நம்ம மூணு வருஷப் படிப்புல நான் கேட்ட நல்ல கேள்வி அதுதான். லாபம் வேற, காசு வேற. ஜவுளிக்கடையில மணிக்கு 47-தான், ஆனா ஒண்ணாம் தேதி கையில வரும். சித்தியோட 75 எங்கேயோ ஒரு கடைச் சுவத்துல தொங்கிக்கிட்டிருந்தது.

எங்கே போச்சு காசு?

முதல் வருஷத்துல கன்சைன்மெண்ட் அக்கவுண்ட் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? சென்னை வியாபாரி மும்பை வியாபாரிக்கு நூறு பெட்டி அனுப்புவார், வழியில பத்து பெட்டி உடைஞ்சுடும். அதுல அனுப்பறவர்தான் எங்க சித்தி.

கடைக்காரர் படத்தை விலைக்கு வாங்கலை. "வெச்சுட்டுப் போங்க, வித்தா பணம்"னு வாங்கி வெச்சுக்கிட்டார். நவராத்திரி விற்பனைக்காக ஆடி மாசக் கடைசியில ஏழு படம் கொடுத்திருக்காங்க. மாசி வரைக்கும் ஒண்ணும் வரலை. ஏழு படத்துக்கு 59,500 ரூபாய் வரணும். அதுல 37,520 ரூபாய் சித்தி ஏற்கனவே கைக்காசு போட்டு வாங்கின பொருள். தங்கமும் தேக்கும். தங்கச்சி ஃபீஸ் அந்தச் சுவத்துலதான் மாட்டியிருந்தது.

இந்த ஏற்பாடு தப்புன்னு சொல்ல மாட்டேன். புதுசா வர்றவங்க சரக்கைக் கடையில காட்ட இது ஒரு வழி. ஆனா பாடப் புத்தகத்துல இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வாங்கி வெச்சிருக்கிறவர் அவ்வப்போது அக்கவுண்ட் சேல்ஸ் அனுப்பணும். எத்தனை வித்தது, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, மீதி எவ்வளவு. விக்கற வரைக்கும் சரக்கு அனுப்பினவருடையது. அதனால கடையில ஈரம் பட்டுக் கெட்டாலும் நஷ்டம் அனுப்பினவருக்கு. சித்திக்கு நஷ்டம் மட்டும் சரியா வந்துக்கிட்டிருந்தது, அக்கவுண்ட் சேல்ஸ் வந்ததே இல்லை.

சட்டத்துல ஒரு உதவி இருக்கு. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். உத்யம்னு ஒரு பதிவு, 2020 ஜூலையிலிருந்து இணையத்துல இலவசமா செஞ்சுக்கலாம். பதிவு செஞ்ச சிறு உற்பத்தியாளர்கிட்ட சரக்கு வாங்கினா, எழுத்துல என்ன தவணை போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. இழுத்தா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்குக்குக் கூட்டு வட்டி. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சரக்கு இன்னும் விற்கவே இல்லைன்னா அந்த 45 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுறது? பில் போட்டு வித்தாத்தான் கடிகாரம் ஓடும். "வெச்சுட்டுப் போங்க"ன்னு சொன்னா கடிகாரமே கிடையாது.

சித்தியும் நானும் ஒரு கடிதம் எழுதினோம். சண்டைக் கடிதம் இல்லை. மரியாதையா, ஏழு படத்தோட அளவு, சாமி பேர், கொடுத்த தேதி போட்டு, எது வித்தது எது இருக்குன்னு எழுத்துல தெரிவிக்கும்படி கேட்டோம். சித்தி அதைக் கையில கொண்டு போய்க் கொடுத்தாங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் யோசிச்சாங்க. "இருபது வருஷப் பழக்கம்டா, மனசு கோணிடுமோ"ன்னு பயம்.

பதில் வந்தது. மூணு படம் நவராத்திரிக்கே வித்துடுச்சாம். "சொல்ல விட்டுப்போச்சும்மா."

25,500 ரூபாய் ரெண்டு தவணையா வந்தது. மீதி நாலு படத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஒண்ணுல கண்ணாடி விரிசல், உள்ள ஈரம் போய் ஓரத்துல கலர் உதிர்ந்திருந்தது. சித்தி அந்தப் படத்தை மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அந்த ஓரத்தையே தடவிக்கிட்டிருந்தாங்க. பண நஷ்டத்துக்கு அழலை. "எட்டு மாசமா இதை ஒருத்தரும் துடைக்கக் கூட இல்லடா"ன்னுதான் சொன்னாங்க.

எந்தப் படம் லாபம்?

லிமிட்டிங் ஃபேக்டர்னு ஒரு பாடம் இருக்கு. எது குறைச்சலா இருக்கோ, அதோட ஒரு அலகுக்கு எவ்வளவு பங்களிப்புன்னு பார்க்கணும். சித்திகிட்ட குறைச்சலா இருக்கிறது நேரம். சமையல், சாவி, சிலிண்டர் எல்லாம் போக தினம் 5 மணி நேரம், மாசம் 25 நாள். 125 மணி.

8-க்கு 10 சின்னப் படம்: கடை விலை 4,200, பொருள் 2,300, நேரம் 24 மணி. மணிக்கு 79. கிட்டத்தட்ட அதேதான். 18-க்கு 24 பெரிய ராமர் பட்டாபிஷேகம்: விலை 26,000, பொருள் 14,500, நேரம் 110 மணி. மணிக்கு சுமார் 105. பரவாயில்லை. ஆனா 14,500 ரூபாயை முதல்லயே போட்டுட்டு உட்காரணும். முன்பணம் வாங்காம பெரிய படம் தொடவே கூடாது.

அடுத்து அதே 12-க்கு 15 கிருஷ்ணரை, கடை இல்லாம நேரா ஒரு வீட்டுக்கு 11,000-க்கு வித்தா? 11,000-லிருந்து 5,360 போக 5,640. மணிக்கு 134. கடையில அதே படம் 14,000-க்கு விற்குது. அதனால வாங்கறவருக்கும் 3,000 மிச்சம்.

அதாவது படம் பெரிசா சிறிசாங்கிறதை விட, யாருக்கு விக்கறோம்ங்கிறதுலதான் கூலி இருக்கு. 125 மணி நேரமும் கடைக்கே வரைஞ்சா மாசம் 9,375. பாதி கடைக்கு, பாதி நேரா வித்தா சுமார் 13,000. ஜவுளிக்கடை சம்பளத்தைத் தாண்டுற கோடு இங்கதான் இருக்கு.

நேரா விக்கறதும் சும்மா இல்லை. தங்கம் போட்ட படத்தைப் போன்ல எடுத்தா ஒரே வெளிச்சப் பொட்டா விழும். ஜன்னல் ஓரமா சாய்ச்சு வெச்சு, வெள்ளை வேட்டியைத் தடுப்பாக் கட்டி எடுத்தோம். கூரியர்ல கண்ணாடி உடையும், அதனால கண்ணாடி இல்லாம அனுப்பணும். விலை கேட்டுட்டு "பார்த்துச் சொல்றேன்"னு காணாம போறவங்களுக்குப் பதில் சொல்ற நேரத்தையும் கூலியில சேர்க்கணும்.

இன்னொரு பெரிய தொல்லை போலி. அச்சடிச்ச படத்து மேல மினுமினுப்புத் தாள் ஒட்டி அதையும் "தஞ்சாவூர் ஓவியம்"னு விக்கறாங்க. 2007-08-லேயே தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அது பேரைக் காப்பாத்தற சட்டம், வாங்கறவர் கண்ணை அது திறக்காது. ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் சொன்னது: நல்லதையும் மட்டத்தையும் வாங்கறவரால பிரிக்க முடியலைன்னா, நல்லதுக்கும் மட்டத்தோட விலைதான் கிடைக்கும், கடைசியில நல்லது சந்தையை விட்டே போயிடும். சித்தி இதைக் கேட்டுட்டு, "இதுக்கா பரிசு கொடுத்தாங்க? கீழவீதியில கேட்டா எல்லாரும் சொல்லுவாங்களே"ன்னாங்க.

இப்போ ஒவ்வொரு பில்லிலும் என்ன ரேக்கு, என்ன பலகைன்னு எழுதிக் கையெழுத்துப் போடறாங்க. வேலை நடக்கிறப்போ மக்கு வெச்ச நிலையில ஒரு போட்டோ, ரேக்கு ஒட்டின நிலையில ஒண்ணு எடுத்து வாங்கறவருக்கு அனுப்பறாங்க. போலிக்காரரால அனுப்ப முடியாத போட்டோ அது.

அரசாங்கத்துலேருந்து ஒண்ணும் இல்லையான்னு கேட்பீங்க. மத்திய கைவினைத் துறை கொடுக்கிற பஹ்சான் அட்டை சித்திகிட்ட இருக்கு, கண்காட்சியில இடம் கேட்க உதவுது. 2023 செப்டம்பர்ல வந்த விஸ்வகர்மா திட்டத்துல 18 தொழில் இருக்கு. தச்சர், குயவர், சிற்பி, பூ கட்டறவர் எல்லாம் உண்டு. ஓவியர் இல்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து கையால வரைஞ்ச ஓவியத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துலேருந்து 5 ஆயிடுச்சு. நல்லதுதான், ஆனா 40 லட்சம் விற்றுமுதலுக்குக் கீழ இருக்கிற சித்தி அந்தப் பதிவுலேயே இல்லை.

பட்டிக் துணியும் ஞாயித்துக்கிழமை வகுப்பும்

சென்னை பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் கேள்விப்பட்டிருப்பீங்க. 1966-ல் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட மாணவர்களும் சேர்ந்து தொடங்கினது. வரைஞ்சு மட்டும் சாப்பிட முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால பட்டிக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்தாங்க. அந்தக் காசுலதான் கடற்கரையோரம் நிலம் வாங்கி, ஆளுக்கொரு வீடும் வேலை செய்ய இடமும் கட்டிக்கிட்டாங்க. சோத்துக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு.

எங்க சித்தியோட பட்டிக் துணி ஞாயித்துக்கிழமை வகுப்பு. நாலு பேர் வர்றாங்க, ஆளுக்கு 800. மாசம் 3,200 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனா முதல் வாரத்துலேயே வந்துடும். "நீங்களே போட்டியாளர்களை உருவாக்கறீங்களே"ன்னு ஒரு பி.காம். கேள்வி கேட்டேன். "அந்த மாமி அப்படி நினைச்சிருந்தா நான் ஏதுடா?"ன்னாங்க. இதுக்கு எந்தப் பக்கத்துல என்ட்ரி போடறதுன்னு எனக்குத் தெரியலை.

கூலிக் கணக்கை சித்தி முழுசா ஏத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. முகத்துக்கு ஆகற நேரத்தைக் குறைச்சா மணிக் கணக்கு ஏறும்னு சொன்னேன். "அதை மட்டும் எண்ணாதே. எண்ண ஆரம்பிச்சா கை ஓடாது"ன்னாங்க. நோட்டுல இப்பவும் எல்லா வேலைக்கும் நேரம் இருக்கு, "முகம்"னு போட்ட கட்டம் மட்டும் காலியா இருக்கும். நான் அங்கே பழைய 14 மணி கணக்கை வெச்சு நிரப்பிக்கிறேன்.

ஃபீஸ் கட்டியாச்சு. கடைக்காரரோட 25,500, திரும்பி வந்த படங்கள்ல ரெண்டு சென்னைக்கு நேரா வித்த பணம், மிச்சத்துக்கு சித்தப்பா பி.எஃப். லோன். ஜவுளிக்கடைக்காரங்ககிட்ட இப்போதைக்கு இல்லைன்னு சொல்லியாச்சு. வீட்டுல ஒரு ஒப்பந்தம்: வர்ற நவராத்திரி வரைக்கும் மாசா மாசம் நோட்டைப் பார்க்கறது. மூணு மாசம் தொடர்ந்து 11,000-க்குக் கீழே போனா திரும்பப் பேசறது. போன மாசம் 12,400. அதுக்கு முந்தின மாசம் 8,900. ஆடியில கல்யாணம் கிடையாது, அதனால அடுத்த மாசம் எப்படியிருக்கும்னு சொல்ல முடியாது. ஐப்பசி மழை வந்தா பூச்சு காயாது, அதையும் சேர்த்துக்கணும்.

கடைக்காரர்கிட்ட சித்தி இப்பவும் படம் கொடுக்கறாங்க. பில் போட்டு, தேதி போட்டு, ஒரு நேரத்துல ரெண்டே ரெண்டு.

இதைப் படிக்கிற நம்ம கிளாஸ் பசங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தையல் மெஷின் வெச்சிருக்கிற அத்தை, அப்பளம் போடற பாட்டி, பூ கட்டற பக்கத்து வீட்டு அக்கான்னு உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி ஒரு லிமிடெட் கம்பெனி கண்டிப்பா இருக்கும். லீவுக்குப் போறப்போ நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக் கொடுங்க. முதல் பக்கத்துல "என் நேரம்"னு ஒரு கட்டம் போட்டுக் கொடுங்க. அதை நிரப்பறதுக்கு அவங்க ரொம்ப யோசிப்பாங்க. கொஞ்சம் பொறுமையா பக்கத்துல உட்காருங்க.